சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதா? உணவுக்குழாய் புற்றுநோய்: வீட்டில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அப்பா முறுக்கைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிட ஆரம்பித்ததுதான் முதல் அறிகுறி என்று இப்போது தெரிகிறது. அப்போது பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்தோம். அடுத்து இட்லியைச் சாம்பாரில் கரைத்தார், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், பிறகு சோறே வேண்டாம், கஞ்சி போதும் என்றார். மூன்று மாதம் வாயுத் தொல்லைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்று மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார்.

அந்த அனுபவத்தையும், பிறகு டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். இந்த நோயில் எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வது டாக்டர்கள். ஆனால் அந்தச் சிகிச்சையைத் தாங்கும் உடம்பைக் காப்பாற்றித் தரும் வேலை பெரும்பாலும் சமையலறையில்தான் நடக்கிறது, அதை யாரும் முதல் நாளே சொல்லித் தருவதில்லை. அதனால் சாப்பாட்டைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

முதலில், அது என்ன குழாய்

தொண்டைக்குக் கீழே தொடங்கி, மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால் இறங்கி, இரைப்பையில் போய்ச் சேரும் தசைக்குழாய் இது. நீளம் சுமார் 25 செ.மீ. நன்றாக விரிந்துகொடுக்கும் என்பது இதன் பலம், ஆபத்தும் அதில்தான். உள்ளே கட்டி வளர்ந்தாலும் குழாய் விரிந்து இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும், வழி கணிசமாகக் குறுகிய பிறகுதான் சாப்பாடு தடுக்கத் தொடங்கும். குடலுக்கு இருப்பதுபோல வெளி உறை இதற்குக் கிடையாது, அதனால் கட்டி பக்கத்து உறுப்புகளுக்கும் நெறிக்கட்டிகளுக்கும் (நிணநீர் முடிச்சுகளுக்கும்) சீக்கிரம் போய்விடுகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 70,000 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, அதில் பலர் வந்து சேர்வது முற்றிய நிலையில்.

இரண்டு வகை உண்டு. மேல் பகுதியிலும் நடுப் பகுதியிலும் பெரும்பாலும் வருவது ஸ்குவாமஸ் வகை, நம் நாட்டில் அதிகம் இதுதான். கீழே இரைப்பையை ஒட்டி வருவது அடினோ வகை, பல வருடம் நெஞ்சு கரிப்பும் எதுக்களிப்பும் இருப்பவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் வருகிற வாய்ப்பு கூடுதல், மேற்கு நாடுகளில் இது அதிகம். ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை அதைப் பொறுத்து மாறும்.

காரணங்களில் முதல் இடம் புகையிலைக்கு, பீடி சிகரெட்டாக இருந்தாலும் வாயில் அடக்குவதாக இருந்தாலும். அதோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வெற்றிலை போடுவதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் சொல்வதே இல்லை, தாம்பூலம் என்று மரியாதையாகத்தான் சொல்வோம். ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும்கூட உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களையும் 2016-இல் அதே முகமை சந்தேகப் பட்டியலில் வைத்தது. நம் பாட்டிகள் டம்ளருக்கும் டபராவுக்குமாக ஆற்றிக் குடித்தது சரியான பழக்கம், அதை விடாதீர்கள். எப்போதோ ஆசிட் அல்லது கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தைக் குடித்துப் பிழைத்தவர்களுக்கு, அந்தத் தழும்பில் 20, 30 வருடம் கழித்துக்கூட வரலாம். அவர்கள் விழுங்குவதில் சின்ன மாற்றம் வந்தாலும் காட்ட வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

முதலில் திடமான சாப்பாடு தடுக்கும், பிறகு குழைந்த சாதம், கடைசியில் தண்ணீர். இந்த வரிசையில் விழுங்குவது சிரமமாகிக்கொண்டே போனால் அது வாயு இல்லை. கூடவே காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது நெஞ்சின் நடுவில் வலி, சாப்பிட்டது சிறிது நேரத்தில் அப்படியே வெளியே வருவது, குரல் கம்முவது, தண்ணீர் குடித்தாலே புரையேறி இருமுவது, மலம் கறுப்பாகப் போவது, இவற்றில் எதுவும் சேர்ந்தால் நாள் கடத்தவே கூடாது. ஒரு விஷயம் கவனியுங்கள்: நோயாளி "எனக்கு விழுங்க முடியலை" என்று சொல்ல மாட்டார். சாப்பாட்டை மாற்றிக்கொண்டே போவார். பந்திக்கு வர மறுப்பார், சாப்பிட முக்கால் மணி நேரம் எடுப்பார், கூட்டுக்கறியை ஒதுக்குவார். சமைப்பவர் கண்ணில்தான் அது முதலில் படும்.

விழுங்கத் தடுக்கிறது என்று ஒருவர் சொன்னால் எழுதித்தர வேண்டிய பரிசோதனை எண்டோஸ்கோப்பி, அதாவது நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்ப்பது. மாத்திரை மட்டும் எழுதி அனுப்பினால், "எண்டோஸ்கோப்பி பார்த்துவிடலாமா டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. முதலில் பார்த்த டாக்டர் மூன்று முறை மாத்திரையை மாற்றினார், நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

பரிசோதனைகள்

எண்டோஸ்கோப்பிக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள், சில இடங்களில் லேசாகத் தூங்கவைப்பார்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் துளித்துளியாகப் பல இடங்களில் சதை எடுப்பார்கள், அதுதான் பயாப்சி. எங்கள் வீட்டில் சித்தப்பா, "கத்தி பட்டால் பரவிடும், வேண்டாம்" என்று பிடிவாதமாக இருந்தார், அதில் ஒரு வாரம் போனது. அது உண்மையில்லை. பயாப்சி இல்லாமல் எந்த டாக்டரும் கீமோவோ (புற்றுநோய் செல்லை அழிக்கும் மருந்து) ரேடியேஷனோ (கதிர்வீச்சு) தொடங்க மாட்டார். இன்னொன்று, அந்தத் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும், மைக்ராஸ்கோப்பில் பார்த்த கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும், வசதி உள்ள இடத்தில் உடம்பில் வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன், கட்டி மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அதற்குள்ளும் ஒரு குழாய் விட்டுப் பார்ப்பது. ரிப்போர்ட்டில் டி, என், எம் என்று மூன்று எழுத்தும் எண்களும் இருக்கும். டி என்றால் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, என் என்றால் நெறிக்கட்டிகள், எம் என்றால் தூர உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா. டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனையாவது ஸ்டேஜ்" என்பதைவிட "குணமாக்கும் நோக்கத்தில் சிகிச்சை செய்கிறீர்களா, சிரமத்தைக் குறைக்கும் நோக்கத்திலா" என்பதுதான். அந்தப் பதில் தெரிந்தால்தான் பணம், நேரம், பயணம் எல்லாவற்றையும் வீட்டில் முடிவு செய்ய முடியும்.

எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது

அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி, டாக்டர் சாந்தா வளர்த்தெடுத்த புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், தனியார் மையங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. முதல்வரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கொடுக்கும் வருமானச் சான்று, இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். பயாப்சி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் இந்த அலைச்சலை முடித்துவிடுங்கள். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனையில் அதற்கான சான்றைக் கேளுங்கள்.

ஆபரேஷன் தேவைப்படும் என்றால், "இந்த ஆபரேஷனை இங்கே வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். உணவுக்குழாய் ஆபரேஷனைப் பொறுத்தவரை அடிக்கடி செய்கிற இடங்களில் உயிரிழப்பு குறைவு, இது பல நாடுகளில் உறுதியான விஷயம். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சிகிச்சைக்கு முன்னால்: எடை

இதுதான் நான் எழுத நினைத்ததே. வந்து சேரும்போதே பலர் உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்திருப்பார்கள். அந்த நிலையில் கீமோ கொடுத்தால் தாங்காது, ஆபரேஷன் செய்தால் தையல் ஆறாது. அதனால் நோய் உறுதியான அன்றே எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள், வாரம் ஒருமுறை, அதே மெஷினில், அதே நேரத்தில்.

கணக்கு இப்படி: கிலோவுக்குச் சுமார் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 45 கிலோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,350 கலோரி, 55 முதல் 65 கிராம் புரதம். நாம் அன்போடு கொடுக்கும் தண்ணிக் கஞ்சி ஒரு டம்ளரில் 100 கலோரி தேறுவதே கஷ்டம், புரதம் அநேகமாக இல்லை. இளநீர், ஜூஸ், ரசம் எல்லாம் தாகத்துக்கு நல்லது, உடம்பை ஏற்றாது. அம்மா கஞ்சியை விடவில்லை, கஞ்சியைக் கனமாக்கினார். சத்துமாவுக் கஞ்சியைப் பாலில் காய்ச்சி, வறுத்த வேர்க்கடலையை மாவாக அரைத்துச் சலித்துக் கலந்து, இறக்கும்போது ஒரு பெரிய கரண்டி நெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய்யில் மட்டும் 120 கலோரி வரை இருக்கிறது. வேகவைத்த முட்டையை மிக்சியில் பருப்புத் தண்ணீரோடு அடித்தால் விழுங்கவும் எளிது, ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம். மீன், கோழி சாப்பிடுபவர் என்றால் வேகவைத்து அரைத்து வடிகட்டி சூப்பாகக் கொடுக்கலாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் உணவு ஆலோசகரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். "சர்க்கரை சாப்பிட்டால் கேன்சர் வளரும்", "பால் கூடாது", "முட்டை சூடு" என்று வந்து பார்ப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்த நேரத்தில் பட்டினியைவிடக் கெட்ட சாப்பாடு எதுவும் இல்லை.

திரவமும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடுவார்கள், அல்லது வயிற்றைச் சிறிதாகத் திறந்து சிறுகுடலில் டியூப் வைப்பார்கள். அப்பா மூக்கு டியூப் வேண்டாம் என்று இரண்டு நாள் அழுதார், எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். டியூப் போட்டுப் பத்து நாளில் அவரே எழுந்து திண்ணை வரை நடந்தார்.

மூக்கு டியூபில் கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், உட்காரவைத்தால் இன்னும் நல்லது. டியூபில் மூக்கு ஓரத்தில் இருக்கும் அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், நகர்ந்திருந்தால் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனையைக் கேளுங்கள். நன்றாக வடிகட்டிய, இளஞ்சூடான உணவு, 200 மில்லி அளவில், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரப்படாமல் கால் மணி நேரம் எடுத்து. முன்னும் பின்னும் சுத்தமான தண்ணீர் 30 மில்லி விட்டால் டியூப் அடைக்காது. கொடுத்து முடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள். சிறுகுடல் டியூப் வேறு மாதிரி, அதில் ஒரேயடியாக 200 மில்லி தள்ளினால் வயிற்றுவலியும் பேதியும் வரும், சொட்டுச் சொட்டாக மெதுவாகத்தான் விட வேண்டும். மாத்திரையைப் பொடித்துப் போட்டால் அடைத்துக்கொள்ளும், சிரப்பாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வாரம், பத்து நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு, டியூப் போட்ட முதல் நாளே பாசத்தில் முழு அளவு கொடுத்துவிடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென இறங்கி இதயத்தையே பாதிக்கும். மருத்துவமனையில் வைத்து, ரத்தம் பரிசோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

சிகிச்சை எப்படிப் போகும்

மேல் படலத்தில் மட்டும் இருக்கும் மிக ஆரம்ப நிலை என்றால் எண்டோஸ்கோப்பி வழியாகவே வழித்து எடுத்துவிட முடியும். அந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கிறது.

சுவரில் ஆழமாகவோ நெறிக்கட்டிகளிலோ போயிருந்து, தூரத்துக்குப் பரவாத ஸ்குவாமஸ் வகைக்கு, முதலில் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து, பிறகு ஆபரேஷன். நம் ஊரில் ரேடியேஷனைக் கரண்ட் வைப்பது என்பார்கள், அதில் மின்சாரம் பாய்வதில்லை, ஷாக் அடிக்காது, எக்ஸ்ரே எடுப்பதுபோலப் படுத்திருந்தால் போதும். நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான கிராஸ் என்ற ஆய்வுதான் இந்த முறைக்கு அடிப்படை: வாரம் ஒரு கீமோ வீதம் ஐந்து வாரம், 23 நாள் ரேடியேஷன், பிறகு ஆபரேஷன். நேரடியாக ஆபரேஷன் மட்டும் செய்தவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேர் அதைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று பொருள்) 24 மாதம், இந்த முறையில் 49 மாதம். ஸ்குவாமஸ் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆபரேஷனில் எடுத்த குழாயில் உயிருள்ள புற்றுநோய் செல்லே இல்லை. அடினோ வகைக்கு ஃப்ளாட் என்ற கீமோவை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுப்பது இன்னும் நல்ல பலன் தருகிறது என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வு சொல்கிறது. கழுத்துப் பகுதியில் கட்டி இருப்பவர்களுக்கும் ஆபரேஷன் தாங்காதவர்களுக்கும் கீமோ ரேடியேஷன் மட்டுமே முழுச் சிகிச்சையாகக் கொடுப்பார்கள்.

இந்த ஐந்து வாரத்தில் மூன்றாவது வாரத்திலிருந்துதான் கடினம். தொண்டையும் நெஞ்சும் புண்ணாகி, எச்சில் விழுங்கினாலே எரியும். சாப்பிடும் முன் குடிக்க மரத்துப்போகும் மருந்து தருவார்கள், கேட்டு வாங்குங்கள். காரம், புளிப்பு, சூடு மூன்றையும் நிறுத்திவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது கிருமி சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும்.

கட்டி கரைந்து சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் பலர் "சரியாயிடுச்சு" என்று ஆபரேஷனுக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். விழுங்க முடிவதால் மட்டும் நோய் போய்விட்டது என்று ஆகாது.

ஆபரேஷன்

ரேடியேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் போல இடைவெளி விடுவார்கள். அந்த வாரங்களில் மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைத் தினமும் பயன்படுத்தி, காலையிலும் மாலையிலும் நடந்து, புகையிலையை ஒரு துளிகூடத் தொடாமல் இருந்தால் பிறகு நிமோனியா வரும் வாய்ப்பு குறையும். ஆபரேஷனில் உணவுக்குழாயின் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போலத் தைத்து நெஞ்சுக்கோ கழுத்துக்கோ இழுத்து இணைப்பார்கள். நெஞ்சைப் பெரிதாகத் திறக்காமல், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறையைக் கோயம்புத்தூர் டாக்டர் பழனிவேலு குழுவினர் 130 பேருக்குச் செய்து 2006-இல் வெளியிட்டார்கள், இன்று பல நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் உலகத்துக்குக் காட்டிய வழி என்பதில் எனக்குப் பெருமைதான்.

எந்த முறையானாலும் பெரிய ஆபரேஷன். இணைத்த இடத்தில் கசிவு, நுரையீரலில் சளி, குரல் கம்மல் இந்த மூன்றும் பயப்படக்கூடியவை. காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் தையலில் வீக்கமோ எச்சில் போன்ற நீரோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் வயிறு முன்புபோல் இல்லை, பாதி அது நெஞ்சுக்குள் இருக்கிறது. அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு, எட்டாகப் பிரியுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் முன்போ பின்போ குடிக்கட்டும். இரவு படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் எதுவும் வேண்டாம், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள், தலையணையை அடுக்குவதைவிட அது நல்லது. பாயசம், ஜூஸ் போன்ற இனிப்பு குடித்ததும் படபடப்பும் வியர்வையும் பேதியும் வந்தால் பயப்படாதீர்கள், இனிப்பு வேகமாகக் குடலில் இறங்குவதால் வருவது அது, இனிப்பைக் குறைத்தால் அடங்கும். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவை அவ்வப்போது பாருங்கள். சில வாரம் கழித்து மறுபடி விழுங்கத் தடுத்தால் நோய் திரும்பிவிட்டது என்று இடிந்துபோகாதீர்கள், பெரும்பாலும் தையல் சுருங்கியிருக்கும். எண்டோஸ்கோப்பியில் பார்த்து விரித்துவிட்டால் அன்று மாலையே சாப்பிடலாம். அப்பாவுக்கு மூன்று முறை விரித்தார்கள்.

குணமாக்க முடியாது என்று சொல்லிவிட்டால்

ஒன்றும் செய்ய முடியாது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கீமோவும், பொருத்தமானவர்களுக்கு இம்யூனோதெரபியும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயோடு மோதவைக்கும் மருந்து) நாட்களைக் கூட்டும். சில நாள் ரேடியேஷனில் அடைப்பு இளகும். அடைத்த இடத்தில் உலோக வலையாலான ஸ்டென்ட் வைத்தால் ஓரிரு நாளில் விழுங்க முடியும். வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவர் ஸ்டென்ட் வைத்த மறுநாள் காபி குடித்துவிட்டு, அந்த டம்ளரைக் கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். ஸ்டென்ட் வைத்தவர் பரோட்டா, பிரெட், கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கறித்துண்டு போன்றவற்றைத் தவிர்த்து, நன்றாக மென்று, இடையிடையே ஒரு மடக்குக் குடித்துக்கொள்ள வேண்டும், உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினால், அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்று ஒளித்துவைக்காதீர்கள். வலி வந்த பிறகு தேடாமல், மணி பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வாங்குங்கள். படுக்கையில் இருப்பவரை அழைத்துக்கொண்டு அலைய முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த் தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள், டியூப் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது பற்றியும் அவர்களிடமே கேட்கலாம்.